பொப்பிப் பூவும் பூவரசம் பூவும்: கடல் கடந்து போருக்குப் போன நம்மவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்தில், போரில் இறந்தவர் நினைவாகச் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூ குத்துகிற நவம்பர் 11 நெருங்கும்போது, கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வரும். "மாமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில பொப்பிப் பூ குத்தி விட்டிருக்கினம். உங்கட குடும்பத்தில ஆரும் உலகப் போருக்குப் போனவையோ எண்டு ரீச்சர் கேட்டவவாம். எங்களில ஆரும் போனவையோ?"

போனார்கள். நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அம்மம்மாவின் தமையன் ஒருவர் 1930களில் மலாயாவுக்குப் போய் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து, போரோடு காணாமல் போனவர். அவரைத் தேடத் தொடங்கி, ஊரில் இதேபோல் தேடுகிற மற்றவர்களுக்கும் விசாரித்துக் கொடுக்கிற ஆளாகிவிட்டேன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'மாவீரர்' என்ற சொல்லுக்கு எங்கள் மண்ணில் வேறொரு கனம் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் முழுக்க 'போருக்குப் போனவர்' என்றே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தார் உண்மையாகவே உலகப் போரில் இருந்தார்களா, அல்லது இது வீட்டுப் பெருமைப் பேச்சா?

இருந்தார்கள். ஆனால் பஞ்சாபிலிருந்து போனதுபோல் ஊர் ஊராகப் படைக்குப் போன கதை அல்ல இது. இலங்கையரைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கவில்லை. போனவர்கள் தாங்களாகக் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள்.

முதல் உலகப் போரில் எங்கள் பங்கு ஆளாக இருந்ததைவிடப் பணமாக இருந்தது. அன்று இலங்கையிலிருந்து கப்பலேறிய பேர்போன பிரிவு தோட்டத்துரைமார் படை. அதில் இருந்தவர்கள் அநேகமாக வெள்ளைக்காரர்கள். அதே காலத்தில் மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் காசு சேர்த்துப் பிரித்தானியப் படைக்கு ஒரு போர் விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த விமானத்துக்கு 'யாழ்ப்பாணம்' என்றே பெயர். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் ஒரு ஆகாயக் கப்பல்! வெள்ளைக்காரத் துரைக்குக் காட்ட வேண்டிய விசுவாசமும் எங்கள் ஆட்களின் வீம்பும் அதில் பாதிக்குப் பாதி கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் போரில் வழிகள் கூடின. இலங்கைக் காலாட்படை, பீரங்கிப் படை, கடற்படைத் தொண்டர் படை என்பவற்றில் தமிழரும் இருந்தார்கள். சாமான் ஏற்றிப் பறிக்கவும், பாதை போடவும், லொறி ஓட்டவும் ஆள் வேண்டுமென்று எகிப்துக்கும் மத்திய கிழக்குக்கும் இலங்கையர் கம்பனிகள் போயின. இவற்றுக்கு அப்பால் மலாயாவில் அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்களவரின் போர்க் கதைகளில் பெரும்பங்கு அங்கேதான் நடந்தது.

மலாயாவில் என்ன நடந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலிஷ் படித்த எங்கள் பொடியன்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். ரெயில்வே, நில அளவை, தபால், கிளாக்கர் வேலை. ஊரில் கல்வீடு எழும்பியதும், தங்கச்சிமாருக்குச் சீதனம் கொடுத்ததும் மலாயா மணியோடரில்தான். திரும்பி வந்தவர்களை 'மலாயன் பென்சனியர்' என்று சொல்வோம். கோட்டுச் சட்டையைக் கழற்றாமல் வெயிலில் நடக்கிற மனிதர்கள்.

1941 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அன்றிலிருந்து மூன்றரை வருடத்துக்கு யாழ்ப்பாணத்துக்கு மணியோடரும் இல்லை, கடிதமும் இல்லை. புருஷன் உயிரோடு இருக்கிறாரா, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்த வீடுகள் எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அம்மம்மாவின் தமையனோடு அறையில் இருந்த ஒருவர் போர் முடிந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்து ஒப்படைத்தது. உள்ளே இரண்டு வேட்டி, ஒரு தேவாரப் புத்தகம், ரெயில்வே பொத்தான் நாலு, ஜப்பான்காரன் அச்சடித்த பத்து டொலர்த் தாள் ஒரு கட்டு. அந்தத் தாளில் வாழைமரமும் குலையும் போட்டிருக்கும், அதனால் 'வாழைமரக் காசு' என்பார்கள். போர் முடிந்த மறுநாளே அது வெறும் கடதாசி. அம்மம்மா அதை எறிய விடவில்லை. "சின்னண்ணை உழைச்ச காசு" என்று சொல்லி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தா.

நேதாஜியின் படையில் யாழ்ப்பாணத்தார் இருந்தார்களா?

இருந்தார்கள். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை எடுத்தார். அதற்கு முன்னர் அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள். போஸ் வந்த பிறகு மலாயாவின் தோட்டத் தமிழரும் பட்டணத் தமிழரும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இலங்கையரைக் கொண்டு 'லங்கா' என்ற பெயரில் ஒரு பிரிவும் இருந்தது.

பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படை. அதன் தலைவி சென்னையிலிருந்து போய்ச் சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்த டொக்டர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரில் பின்னாளில் பெயர்பெற்ற கல்வியாளரான ரசம்மா பூபாலன் அந்தப் படையில் சேர்ந்தபோது பதின்ம வயதுப் பிள்ளை. அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்தார்.

1944இல் இம்பால் வரை போன படை அங்கே முறிந்தது. துவக்குச் சூட்டில் செத்தவர்களோடு மழையிலும் பசியிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் ஏராளம். எங்கள் சின்னண்ணை பர்மாவுக்குப் போனாரா, போகும் வழியிலேயே முடிந்தாரா என்று பெட்டி கொண்டுவந்தவராலும் சொல்ல முடியவில்லை. "காக்கி போட்டு வந்து பெட்டியைத் தந்திட்டுப் போனார்." அவ்வளவுதான் அவர் சொன்னது.

பிரித்தானியாவுக்காகப் போனவரையும் நேதாஜியோடு போனவரையும் ஒன்றாக நினைவுகூரலாமா?

கூட்டங்களில் இதைக் கேட்டால் சண்டை வரும். ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில், தமையன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும். ஒருவருக்குப் பதக்கம் வந்தது. மற்றவர் 'துரோகி' என்ற பெயரோடு தடுப்பு முகாமில் இருந்தார், அல்லது திரும்பவே இல்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பக்கத்தை வைத்து ஆளை அளக்கத் தொடங்கினால் பாதிப் பேரை வெளியே விட்டுவிடுவோம். ஏன் சேர்ந்தார்கள் என்று திரும்பி வந்த முதியவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் 'சுதந்திரம்' என்றார். இன்னொருவர், "சேராட்டி ரெயில்பாதை வெட்டக் கொண்டுபோயிருப்பான், தம்பி" என்றார். எகிப்துக்குப் போன ஒருவர், "ஹிட்லரை அடிக்கவோ? மூண்டு தங்கச்சிமார் இருந்தவை, அதுதான் போனனான்" என்று சிரித்தார். இந்த மூன்று பதிலையும் அப்படியே எழுதி வைப்பதைத்தான் நான் மரியாதை என்று நினைக்கிறேன். செத்தவர் வாயில் நாங்கள் வீர வசனம் வைக்கத் தேவையில்லை.

சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்தப் படையின் இறந்தோருக்காக 1945 ஜூலை 8இல் போஸ் ஒரு நினைவுத் தூணுக்கு அடிக்கல் வைத்தார். செப்டெம்பரில் திரும்பி வந்த பிரித்தானியர் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் 1995இல் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளக் கல் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். மணிப்பூரில் மொய்ராங் என்ற ஊரிலும் நினைவகம் உண்டு. 1944 ஏப்ரலில் அந்தப் படை கொடியேற்றிய இடம் அது.

சயாம் மரண ரெயில்பாதையில் இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவார்களா?

அதிகாரபூர்வமான எந்தக் கணக்கிலும் அவர்கள் வரவில்லை. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதையை 1942-43இல் ஜப்பான்காரர் போட்டார்கள். அதில் இறந்த போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது, ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருக்கிறது. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் தொகை தொண்ணூறாயிரம் வரை இருக்கும் என்கிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் மிகப் பெரும் பங்கு. சிப்பாய்கள் இல்லை என்பதால் பெயர்ப் பதிவும் இல்லை, தனிக் கல்லும் இல்லை.

போருக்குப் போனவர் என்று சொல்லும்போது நான் இவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். சீருடை இல்லாதது அவர்கள் பிழை இல்லை.

வீட்டில் பழைய பதக்கம் இருக்கிறது. யாருடையது, எதற்காகக் கொடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை: பழப்புளி போட்டு மினுக்காதீர்கள்! குத்துவிளக்கு இல்லை அது. ஒரு நாள் ஒருவர் பிஸ்கட் ரின்னில் ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார். மரியாதைக்காக மனைவி முதல் நாள் இரவே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து விட்டிருக்கிறா. பதக்கம் பளபளத்தது, ரிபன் நனைந்து சாயம் இறங்கிப் போயிருந்தது. நல்ல காலத்துக்கு மடிப்புக்குள் ஒரு துண்டு தப்பியிருந்தது. மணல் நிறம், நடுவில் அகலச் சிவப்புக் கோடு, இரு பக்கமும் ஒடுங்கிய நீலக் கோடுகள். அது ஆபிரிக்க நட்சத்திரம். 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையில் வட ஆபிரிக்காவில் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பு எகிப்தில லொறி ஓடினனான் எண்டு சொல்லேக்க நாங்கள் எல்லாரும் சிரிக்கிறனாங்கள்" என்றார்.

சுருக்கமாகச் சில அடையாளங்கள். இரண்டாம் போர் நட்சத்திரங்கள் ஆறு முனை கொண்டவை, நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் எழுத்து இருக்கும், எந்தப் போர்க்களம் என்பது சுற்றி எழுதியிருக்கும். கருநீலத்தின் நடுவே சிவப்பும் இரு பக்கமும் செம்மஞ்சளும் என்றால் பர்மா நட்சத்திரம். கருநீலம், சிவப்பு, இளநீலம் மூன்றும் ஒரே அகலத்தில் என்றால் 1939-45 நட்சத்திரம். பிரித்தானியா கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் வெட்டியிருக்காது. முதல் போர்ப் பதக்கமாக இருந்தால் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் அங்கே இருக்கும்.

பதக்கத்தைவிட அது சுற்றியிருந்த கடதாசிதான் பெறுமதி. தயவுசெய்து அதை எறிய வேண்டாம்.

இறந்தவரின் பெயரை எங்கே தேடுவது?

பிரித்தானியப் படைகளில் இருந்து இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடலாம், காசு இல்லை. 1917இல் தொடங்கிய அமைப்பு. இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 இலட்சம் பேரின் பெயர் அதில் உண்டு. இரண்டாம் போருக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. போர் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவரும் வரக்கூடும் என்பதைக் கவனியுங்கள். உயிரோடு திரும்பியவர் அதில் இருக்க மாட்டார்.

கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அவர்களின் பெருமையான கொள்கை. ஆனால் முதல் போரில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இறந்தவர்கள் விஷயத்தில் அந்தக் கொள்கையைக் கைவிட்டோம் என்று 2021இல் அவர்களே அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரில்லாமலோ நினைவுச்சின்னமே இல்லாமலோ விடப்பட்டிருக்கிறார்கள்.

மலாயாக்காரர் என்றால் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. உத்தியோக மாற்றம், கிரிக்கெட் ஆட்டம், கல்யாணம் எல்லாம் அதில் வந்திருக்கும். போர்ச் செய்தியைவிட இவைதான் ஆளை அடையாளம் காட்டும்.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே தேட வழி இல்லையா?

உண்டு. என்னைக் கேட்டால் இங்கேயே தொடங்குங்கள் என்பேன். முதலில் கல்வெட்டு. வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம்: எங்களிடையே கல்வெட்டு என்பது ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டியில் பந்திக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வெண்பா, புலம்பல், கடைசியில் வம்சாவளி. தாத்தாவின் கல்வெட்டு இல்லாவிட்டால் அவருடைய தம்பியின், மச்சானின் கல்வெட்டைத் தேடுங்கள். 'மலாயாவில் யுத்த காலத்தில் காலஞ்சென்ற' என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

அடுத்து பாடசாலை மலர்கள். யாழ்ப்பாணக் கல்லூரியின் 'மிசலனி', இந்துக் கல்லூரியின் 'யங் ஹிந்து' போன்றவற்றில் பழைய மாணவர் செய்தி என்று ஒரு பகுதி வரும். யார் எந்த நாட்டில், எந்த வேலையில் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். 'உதயதாரகை', 'இந்து சாதனம்', 'ஈழகேசரி' பத்திரிகைகளின் போர்க்கால இதழ்களும் உதவும். யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது போனவை போய்விட்டன. மிஞ்சியவற்றில் நிறைய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஏறியிருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பெயரைத் தட்டினால் ஒன்றும் வருவதில்லையே?

ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் வெள்ளைக்காரனாக இருந்திருப்பான், அல்லது அவசரத்தில் இருந்திருப்பான். கந்தையா என்ற ஒரு பெயரையே முடிவில் எச் போட்டும் போடாமலும், நடுவில் வை போட்டும் ஐ போட்டும் எழுதியிருக்கிறார்கள். சின்னத்தம்பியும் வேலுப்பிள்ளையும் இன்னும் மோசம். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துப் பின்னால் தள்ளியிருப்பார்கள், எனவே தகப்பன் பெயரிலும் தேடுங்கள். கிறிஸ்தவ வீடு என்றால் ஞானஸ்நானப் பெயரில் இருக்கலாம். ஊரின் முதலெழுத்தை முன்னால் போட்டவர்களும் உண்டு. நான் இருபது எழுத்துக்கூட்டல்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போவேன். கணக்கு வாத்தியார் புத்தி!

கல்லறை இல்லை, இறந்த திகதியும் தெரியாது. திவசம் எப்படிச் செய்வது?

இதை அதிகம் கேட்பது பெண்கள். திகதி தெரியாதவர்களுக்கு எங்கள் வழக்கத்திலேயே இடம் இருக்கிறது. தகப்பன் வழியாருக்கு ஆடி அமாவாசை, கீரிமலைக் கேணியில் முழுகித் தர்ப்பணம். காணாமல் போனவர்களுக்குப் புரட்டாசி மாளயத்தில் கொடுப்பவர்களும் உண்டு. ஐயரிடம் திதி தெரியாது என்று சொன்னால் அவரே வழி சொல்வார், வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மம்மா ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் சின்னண்ணைக்கு ஒரு இலை தனியாகப் போடுவா. ஆனால் 'செத்திட்டார்' என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். உடல் அங்கே இல்லாவிட்டாலும் தாய் தகப்பனின் கல்லறையில் அவருக்கும் ஒரு திரி வைக்கலாம். முஸ்லிம் வீடுகளில் கத்தம் ஓதுகிறார்கள்.

சிங்கப்பூரில் கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குப் போக வசதி உள்ளவர்கள் போய்ப் பாருங்கள். கிராஞ்சி ரெயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கல்லறை கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அங்கே சுவர்களில் இருக்கிறது. அதற்குப் பின்னால் தகன நினைவிடம் ஒன்றுண்டு. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட, பெரும்பாலும் இந்தியப் படைகளைச் சேர்ந்த, கிட்டத்தட்ட 800 பேருக்கானது. பலர் முன்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். பின்னால் போங்கள்.

இலங்கையில் எங்கே நினைவுகூருகிறார்கள்?

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் உள்ள நினைவுத் தூணில். முதலில் காலிமுகத்திடலில் நின்றது, இரண்டாம் போரின்போது இடம் மாற்றினார்கள். நவம்பர் 11ஐ ஒட்டி முன்னாள் படையினர் சங்கம் அங்கே மலர்வளையம் வைக்கும். கண்டியிலும் திருகோணமலையிலும் போர்க் கல்லறைகள் உண்டு. கண்டியில் கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் பிரித்தானியரோடு ஒரே புல்வெளியில் கிடக்கிறார்கள். லண்டனில் இருப்பவர்கள் ஹைட் பார்க் மூலைக்குப் பக்கத்தில் 2002இல் திறந்த நினைவு வாயில்களைப் பார்க்கலாம். தூணில் ஸ்ரீலங்கா என்ற பெயரும் இருக்கிறது.

பொப்பிப் பூ குத்தலாமா? அது வெள்ளைக்காரனின் பூ அல்லவா?

குத்துங்கள், குத்தாமல் விடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னரே ஒரு தலைமுறை கேட்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் போருக்குப் பிறகு நவம்பர் 11இல் இலங்கையிலும் பொப்பிப் பூ விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போனது, இங்கிருந்து போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். முன்னாள் படையினர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா 1931இல், எங்கள் ஆட்களுக்கு உதவ எங்கள் பூவை விற்போம் என்று சூரிய மலரை (சிங்களத்தில் 'சூரியமல்') விற்கத் தொடங்கினார். 1933இல் இளைஞர் கழகத்தினர் அதைக் கையில் எடுத்து ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான இயக்கமாகவே மாற்றினார்கள். அதன் தலைவியாக இருந்தவர் டொறீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண் என்பது வேடிக்கை. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் கிராமம் கிராமமாகக் கொயினா மருந்தும் உணவும் கொண்டு திரிந்ததும் இந்தச் சூரியமல் ஆட்கள்தான். இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, அந்தச் சூரிய மலர் எது? பேரைக் கேட்டுச் சூரியகாந்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, பூவரசம் பூ! எங்கள் வேலியில் கதியாலாக நிற்கிற அதே பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோம், குழையை ஆட்டுக்குப் போடுவோம், பூவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையில் மஞ்சளாக விரிந்து பின்னேரம் சிவந்து விழும். கனடாவிலிருந்து கேட்கிற பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் பூவின் படத்தையும் அனுப்பி வைக்கிறேன். பொப்பிக்குப் பக்கத்தில் ஒட்டட்டும்.

கலகம் செய்து தூக்கிலிடப்பட்ட இலங்கைச் சிப்பாய்கள் பற்றி?

இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவில் 1942 மே 8 இரவு இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராக எழுந்தார்கள். தோற்றார்கள். கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அந்த ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் போரில் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயச் சிப்பாய்கள் இவர்கள் மட்டுமே. எங்கள் ஊரவர்கள் இல்லை. என்றாலும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன்.

பலாலியில் இந்தியப் படையினரின் நினைவிடம் இருக்கிறதே, அதுவும் இதில் சேருமா?

கடல் கடந்து வந்து செத்தவர்கள் என்ற வகையில் சேரும். 1987 முதல் 1990 வரை இங்கே இருந்த அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பஞ்சாபிலோ தமிழ்நாட்டிலோ ஒரு தாய் இன்றும் அழுவாள். ஆனால் 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி யாழ் போதனா வைத்தியசாலைக்குள் அந்தப் படை சுட்டதில் டொக்டர்மாரும் தாதியரும் நோயாளரும் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிறார்கள். இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க என்னால் முடியாது, உங்களையும் கேட்க மாட்டேன்.

தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, பெயர் மட்டும்தான் தெரியும். என்ன செய்யலாம்?

அந்தப் பெயரை அச்சில் ஏற்றுங்கள். அம்மம்மா 1990களில் காலமானபோது அவவின் கல்வெட்டு வம்சாவளியில் சகோதரர் வரிசையில் சின்னண்ணையின் பெயரையும் போட்டேன். அச்சகத்தில் புரூவ் பார்த்த பொடியன், "ஐயா, இவருக்கு மட்டும் 'அமரர்' இல்லை, விடுபட்டுப் போச்சோ?" என்று கேட்டான். இல்லை, அப்படியே விடு என்றேன். இரண்டாவது புரூவிலும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்திருந்தான். எல்லாருக்கும் முன்னால் 'அமரர்', அவர் ஒருவருக்கு மட்டும் வெறும் பெயர். அம்மம்மா சொல்லாத சொல்லை நான் எப்படிப் போடுவது? அப்படியே அச்சாகியிருக்கிறது.

அச்சடித்ததும் ஒரு பிரதி எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். ஸ்கேன் பண்ணித் திருப்பித் தருவார்கள். பெயரை ஆங்கிலத்திலும் ஒரு மூலையில் போட்டுவிடுங்கள். தேடுகிற பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம்.